விலை குறையலாம், பராமரிப்பு குறையாது

பத்து ஆண்டுகளுக்கு முன்பு 50 லட்சம் ரூபாய்க்கு விற்பனையான ஜெர்மானியச் சொகுசுக் கார், இன்று நடுத்தரக் குடும்பம் வாங்கும் புதிய கார் ஒன்றின் விலைக்குக் கிடைக்கிறது. பழைய கார்ச் சந்தையில் இத்தகைய கார்களைத் தேடி வருவோர் எல்லோரும் செல்வந்தர்கள் அல்லர். மாதச் சம்பளம் வாங்குவோரும் சிறுதொழில் நடத்துவோரும் அவர்களில் உண்டு. நெடுநாள் ஆசை கைக்கெட்டும் தொலைவில் வந்து நிற்கும்போது, ஓடோமீட்டர் காட்டும் 1,20,000 கிலோமீட்டர் என்ற எண் மட்டுமே அவர்களைச் சற்றுத் தயங்க வைக்கிறது.

உண்மையில் அவர்கள் அஞ்ச வேண்டியது அந்த எண்ணைக் கண்டு அல்ல. 50 லட்சம் ரூபாய் காரின் விலை 12 லட்சமாகக் குறைந்துவிட்டது என்பதற்காக அதன் பிரேக்கும் கியர் பெட்டியும் 12 லட்சம் ரூபாய் காருக்கு உரியவையாக மாறிவிடுவதில்லை. அவற்றுக்கான உதிரி பாகங்களின் விலை இன்றும் 50 லட்சம் ரூபாய் காருக்கு உரியதே. இந்த எளிய கணக்கைப் புரிந்துகொண்டு வாங்குபவருக்கு அந்தக் கார் மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். புரிந்துகொள்ளாதவருக்கு அது ஓராண்டுக்குள் குடும்பச் சேமிப்பைக் கரைக்கும் சுமையாகிவிடும்.

ஓடிய தூரம் மட்டுமே ஒரு காரின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த அறிவியல் ஆசிரியர் இர்வ் கோர்டன் 1966-இல் வாங்கிய வால்வோ பி1800 கார், 2013-இல் 30 லட்சம் மைல்களைக் கடந்தது. ஏறத்தாழ 48 லட்சம் கிலோமீட்டர்! தயாரிப்பாளர் சொன்ன கால அட்டவணைப்படி தவறாமல் பராமரித்ததே அவர் கூறிய ரகசியம். 1996-ஆம் ஆண்டு மாதிரியான லெக்சஸ் எல்.எஸ். 400 என்ற சொகுசுக் கார் ஒன்று 2019-இல் 10 லட்சம் மைல்களைத் தொட்டது.

நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார், நகர நெரிசலில் 40,000 கிலோமீட்டர் ஊர்ந்த காரைவிட நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு. நெரிசலில் நிற்கும்போது ஓடோமீட்டர் நகர்வதில்லை. என்ஜின் மட்டும் வெப்பத்தில் உழைத்துக்கொண்டே இருக்கிறது. எனவே, பழைய சொகுசுக் காரின் உண்மையான பகைவர்கள் மூன்று: வெப்பம், காலம், பழுதைத் தள்ளிப்போடும் பழக்கம். இவற்றுள் மூன்றாவதுதான் மிகக் கொடியது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பல சொகுசுக் கார்களில் உள்ள ஏர் சஸ்பென்ஷன். எஃகுச் சுருளுக்கு மாற்றாகக் காற்று நிரம்பிய ரப்பர் பைகள் காரைத் தாங்குகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ரப்பரில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்து நிற்கும். என்ஜினை இயக்கியதும் தானாக நிமிர்ந்துவிடுவதால் உரிமையாளர் அதைப் பொருட்படுத்த மாட்டார். கசியும் காற்றை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். ஒருநாள் அதுவும் கருகிவிடும். ஒரு ரப்பர் பையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, கம்ப்ரசரையும் சேர்த்துப் பல மடங்காகும்.

குளிர்விப்பு அமைப்பின் கதையும் இதுவே. கூலன்ட் தொட்டி, ரேடியேட்டரின் முனைகள், தெர்மோஸ்டாட்டின் உறை எனப் பல பாகங்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தையும் அழுத்தத்தையும் பத்து ஆண்டுகள் தாங்கிய பிளாஸ்டிக், அப்பளம்போல் நொறுங்கும் நிலையை அடைந்திருக்கும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊர்களில் இது இன்னும் விரைவாக நிகழும். அது உடைந்து கூலன்ட் வெளியேறிய பின்பும் 'இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே' என்று ஓட்டினால், அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். சில ஆயிரங்களில் தீர்ந்திருக்க வேண்டியது லட்சங்களில் போய் நிற்கும். வெப்பமானியின் முள் ஏறினால் அந்த இடத்திலேயே காரை நிறுத்தி என்ஜினை அணைப்பதே அறிவுடைமை. கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அதிலுள்ள உப்புகள் உள்ளே படிந்து பாதையை அடைக்கும்.

எனவே, பழைய சொகுசுக் காரை வாங்கியவர் செய்ய வேண்டிய முதல் வேலை, முந்தைய உரிமையாளர் எதையும் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு தொடங்குவது. என்ஜின் ஆயில், கியர் பெட்டி ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், வடிகட்டிகள், ஸ்பார்க் பிளக்குகள், பெல்ட்டுகள் ஆகிய அனைத்தையும் ஒருமுறை புதுப்பித்து, தேதியையும் கிலோமீட்டரையும் குறித்துவைக்க வேண்டும். அந்த நாளிலிருந்துதான் காரின் வரலாறு அவர் கைக்கு வருகிறது.

என்ஜின் ஆயிலை 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் எனப் பல கையேடுகள் கூறுகின்றன. புதிய காருக்கு அது பொருந்தலாம். வயதான, டர்போ பொருத்திய என்ஜினுக்கு 7,500 முதல் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவே பாதுகாப்பானது. காலம் கடந்த ஆயிலின் கசடு டர்போவுக்குச் செல்லும் நுண்குழாயை அடைக்கும். டைமிங் செயினின் தேய்மானத்தை விரைவுபடுத்தும். சில ஜெர்மானிய டீசல் என்ஜின்களில் இந்தச் செயின் என்ஜினின் பின்புறத்தில், கியர் பெட்டியை ஒட்டி அமைந்துள்ளது. அதை மாற்றுவதற்கான கூலியே பெருந்தொகையாகும். ஆயிலின் விலையை மட்டும் பார்க்காமல், கையேட்டில் குறிப்பிட்ட தரக்குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தானியங்கி கியர் பெட்டியின் ஆயில் 'ஆயுள் முழுமைக்கும் போதுமானது' எனச் சில கார் நிறுவனங்கள் கூறுவதுண்டு. யாருடைய ஆயுள் என்பதுதான் கேள்வி. பல சொகுசுக் கார்களுக்குக் கியர் பெட்டி தயாரித்து வழங்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றப் பரிந்துரைக்கிறது. தயாரித்தவரின் சொல்லைக் கேட்பதே நல்லது.

கிலோமீட்டரைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்து மாற்ற வேண்டியவையும் உண்டு. அவற்றில் தலையாயது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட்-4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில், எடைமிக்க ஒரு காரில் தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி இறங்குபவருக்கு இந்த வேறுபாடு உயிர் சார்ந்தது. ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உருவானால் மிதிகட்டை தரையைத் தொடும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற ஆகும் செலவு, ஒரு குடும்பம் உணவகத்தில் விருந்துண்ணும் செலவைவிடப் பெரிதாக இராது.

டயரும் அப்படியே. அதன் பக்கச் சுவரில் பொறித்த நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை. '2319' என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டைகள் தேயாமல் புதிதுபோல் தோன்றினாலும், ஆறு ஆண்டுகளைக் கடந்த டயரை அதிவேகச் சாலையில் நம்புவது தகாது. சஸ்பென்ஷன் புஷ்கள், என்ஜின் மவுண்ட் போன்ற ரப்பர் பாகங்களும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமை அடைகின்றன.

மின்னணு அமைப்பு பலரை மிரட்டுவது. ஆனால், அடுத்தடுத்து எரியும் எச்சரிக்கை விளக்குகளுக்குப் பல நேரங்களில் நலிந்த பேட்டரியே காரணம். மின்னழுத்தம் குறைந்தால் பல கணினிப் பெட்டிகள் ஒரே நேரத்தில் குழம்பிப்போகும். எனவே முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். ஸ்கேனர் காட்டும் பிழைக்குறியீடும் நோயின் அறிகுறியைத்தான் சொல்கிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. குறியீட்டைப் பார்த்ததும் சென்சாரை மாற்றிவிட்டு, பின்னர் விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாயே காரணம் எனக் கண்டறிவது பணிமனைகளில் நடப்பதுதான். குறியீட்டைப் படிக்கத் தெரிந்தவரைவிட, அதன் காரணத்தைத் தேடத் தெரிந்த மெக்கானிக்கே தேவை.

ஓட்டும் முறையும் பராமரிப்பின் ஒரு பகுதியே. குளிர்ந்த என்ஜினை முடுக்காமல் முதல் சில கிலோமீட்டர்களை மென்மையாக ஓட்டுவதும், நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பின் அரை நிமிடம் பொறுத்து என்ஜினை அணைப்பதும் டர்போவின் ஆயுளை நீட்டிக்கும். புகைக்கரி வடிகட்டி உள்ள டீசல் காரை நகருக்குள் மட்டுமே சிறு தூரங்களுக்கு ஓட்டினால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடினால்தான் கரி எரிந்து வெளியேறும். பெட்ரோல் கார் வைத்திருப்போர் எரிபொருள் குழாய்களைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டிய காலம் இது. இப்போது பரவலாக விற்பனையாகும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்துள்ளது; பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கார்கள் பலவும் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல.

உதிரி பாகங்களில் சிக்கனம் காட்டவும் நேர்மையான வழி உண்டு. கார் நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் தாமே தயாரிப்பதில்லை. போஷ், மாலே, இசட்.எஃப். போன்ற நிறுவனங்கள் வழங்கும் பாகமே, கார் நிறுவனத்தின் முத்திரை இல்லாமல் வெளிச்சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்துச் சரியான பாகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால், அதே பெட்டியில் வரும் போலிகளிடம் எச்சரிக்கை தேவை. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் ஆகியவற்றில் மலிவு தேடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் தேறாத கார்களும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் சூழ்ந்தபோது எண்ணற்ற கார்கள் மூழ்கின. அத்தகைய கார்கள் துடைத்து மெருகேற்றப்பட்டு வெளியூர்ச் சந்தைகளுக்குச் செல்வதுண்டு. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். தரைவிரிப்பின் அடியில் துரு தெரியும். ஓடோமீட்டர் திருத்தப்பட்டிருக்கலாம் என்ற ஐயத்தோடு சர்வீஸ் பதிவேடுகளையும், காப்பீட்டில் 'நோ கிளைம் போனஸ்' நிலையையும் சரிபார்க்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பு, விற்பவருக்குத் தொடர்பில்லாத பணிமனையில் சில ஆயிரம் ரூபாய் செலவிட்டுச் சோதிப்பது வீண்செலவு ஆகாது.

சட்டத்தின் கணக்கையும் மறக்கலாகாது. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன் பின் தகுதிச் சோதனையில் தேறினால்தான் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க முடியும். பத்து வயதுக் காரை வாங்குபவர் அந்தச் சோதனையை ஐந்தே ஆண்டுகளில் எதிர்கொள்ள வேண்டும்.

இதில் அரசுக்கும் பொறுப்பு இருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஆராயக் குழு அமைத்தது. அது தேர்ந்தெடுத்த நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. பழுதுநீக்கக் கையேடுகளும் கணினிக் கருவிகளும் உதிரி பாகங்களும் நியாயமான விலையில் தனியார் பணிமனைகளுக்குக் கிடைத்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு. இல்லையேல், நன்றாக ஓடக்கூடிய கார்களும் ஒரு கணினிப் பெட்டியின் பூட்டைத் திறக்க வழியின்றிக் காயலான் கடைக்குப் போகும். அது உரிமையாளரின் இழப்பு மட்டுமல்ல. அந்தக் காரை உருவாக்கச் செலவான எஃகு, அலுமினியம், ஆற்றல் அனைத்தின் இழப்பு.

12 லட்சம் ரூபாய் கையில் இருப்பவர் 12 லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கக் கூடாது. 10 லட்சத்துக்குள் காரை முடித்துக்கொண்டு, எஞ்சிய 2 லட்சத்தை முதல் ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். பின்னர் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தனியே சேர்க்க வேண்டும். அப்படி ஒதுக்க இயலாதவருக்குப் புதிய சிறிய காரே பொருத்தமானது; அதில் குறைவொன்றும் இல்லை. வரவுக்குள் வாழ்வதைப் போற்றும் நம் மரபு வீட்டுக்கு மட்டுமன்றி வாகனத்துக்கும் பொருந்தும். வாங்கும் வசதி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பு, வைத்துக் காப்பாற்றும் வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்பவரின் வீட்டில்தான் பழைய கார் நெடுங்காலம் ஓடும்.