பலகைக் கணினியில் பவணந்தியார்

தமிழ்நாட்டுக்கு வெளியே குடியிருக்கும் நம் வீடுகளில் பிள்ளைகள் தமிழில் பேசுகிறார்கள், தமிழிலேயே சண்டையும் போடுகிறார்கள். நாலு வரி எழுதச் சொன்னால் மட்டும், தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதி நீட்டுகிறார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் இதைப் பார்த்து வருகிறேன். திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ். அந்த மலையடிவாரத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு 'ழ' எழுத வராது என்றால் என்ன சொல்ல!

இந்தப் பிள்ளைகள் கையில் இப்போது பலகைக் கணினி, அதாவது 'டேப்', இருக்கிறது. 2022 டிசம்பரில் ஆந்திர அரசு எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டேப்களை வழங்கியது. வசதியுள்ள வீடுகளில் அதற்கு முன்பே வாங்கிவிட்டார்கள். ஆனால் அதில் நடப்பதென்னவோ பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பதுதான். எழுத, வரைய, குரலைப் பதிய இலவசச் செயலிகள் எத்தனையோ உண்டு.

எழுதுவதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைப்பது ஒரு முறை. தமிழெழுத்து தெரிந்த நம்மைப் போன்றவர்களுக்கு அது போதும். தெரியாத பிள்ளை மனசுக்குள் ஆங்கிலத்தில்தான் எழுத்துக் கூட்டும். அதற்கு ஏற்றது 'தமிழ்99'. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். 'க' தட்டி 'ஆ' தட்டினால் 'கா'. நாம் திண்ணையில் படித்த உயிர்மெய்க் கணக்கேதான்.

இன்னொரு நயம் கேளுங்கள். 'அம்மா' எழுத அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும். 'தங்க' என்பதற்கு த, ங, க. அங்கேயும் புள்ளி தானே வரும். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த மெய்ம்மயக்கம்தானே இது? ஒரு மெய் தன்னோடு தானே சேர்வது உடனிலை, வேறொரு மெய்யோடு சேர்வது வேற்றுநிலை. ங் என்றால் அடுத்து ககரம்தான். சூத்திரம் மனப்பாடம் பண்ணாமலே பிள்ளையின் விரலுக்கு இது பழகிவிடுகிறது. அவர் சமண முனிவர் ஆயிற்றே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு!

எனக்கு வெல்ல மண்டி வியாபாரம். கரும்பாலை, கொப்பரை, பாகு, பதம், அச்சு வெல்லம் என்று பாட்டி சொன்ன சொற்களை என் பேத்தி டேப்பில் குரலாகப் பதிந்தாள். ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து, கீழே தானே பெயர் தட்டினாள். பதினோரு பக்கம் வந்தது. கொப்பரை மட்டும் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது, போகட்டும். இதில் பாதிச் சொல் என் மகனுக்கே புதுசு.

ஐபேடில் விசைப்பலகை அமைப்புக்குள் போய்த் தமிழைச் சேர்த்தால் 'அஞ்சல்', 'தமிழ்99' என இரண்டு காட்டும், இரண்டாவதைத் தொடுங்கள். ஆண்ட்ராய்டு டேப் என்றால், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' செயலியில் தமிழ்99 இருக்கிறது. முதல் வாரம் எழுத்தைத் தேடித் தேடிப் பிள்ளை சலித்துக்கொள்ளும். அப்போது தாத்தா பாட்டி யாராவது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.