ஷிப்ட் கேட்காத தமிழ் விசைப்பலகை

மூட்டுவாதம் வந்த கைக்குக் கணினியில் அதிகம் வலி தருபவை தட்டல்களின் எண்ணிக்கையும் ஷிப்ட் விசையும்தான். சுண்டுவிரல் ஒன்றை அழுத்திப் பிடித்திருக்க, வேறொரு விரல் எட்டிப்போய் இன்னொன்றைத் தட்ட வேண்டும். வீங்கிய கணுக்கள் இதைத் தாங்குவதில்லை. ‘எர்கோனாமிக்’ என்று விலை கூட்டி விற்கும் விசைப்பலகை மணிக்கட்டின் கோணத்தை மாற்றும், தட்டல்களைக் குறைக்காது. தமிழில் குறைக்கும் வழி 1999 முதலே இருக்கிறது, செலவில்லாமல்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்தத்துக்கு மட்டுமே ஷிப்ட். இதைவிட அருமை, புள்ளி வைக்கும் முறை. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானாகப் புள்ளி பெறும். ண-வுக்குப் பின் ட, ங-வுக்குப் பின் க என மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே.

‘திண்டுக்கல்’ என்று அடிக்க: த, இ, ண, ட, உ, க, க, ல, ஃ. மொத்தம் 9 தட்டல். புள்ளிக்கென்று தட்டியது கடைசி ஒன்றுதான். மத்திய அரசின் இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் 11, அதில் ண-வுக்கு ஷிப்டும் வேண்டும். ‘சின்னாளபட்டி’க்கு இங்கே 10, அங்கே 12. ஒரு பக்க மனுவில் இந்த மிச்சம் நூறைத் தாண்டிவிடும். ‘மமதை’ போன்ற சொற்களில் மட்டும் புள்ளி விழாமல் தடுக்க இடையில் அ-வைத் தட்ட வேண்டும். ஒரு கை முழுவதும் முடங்கியவருக்கு இடது வலது பங்கீட்டால் பயன் இல்லை.

அரசுத் தரம் என்பது ஏட்டளவில்தான். தட்டச்சுப் பயிலகங்கள் அரசுத் தேர்வுக்குக் கற்றுத்தருவது பழைய தட்டச்சுப்பொறி அமைப்பை; அதில் பல எழுத்துகளுக்கு ஷிப்ட் வேண்டும். அப்படிப் பயின்று, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு அடித்துத் தருபவர்களின் விரல்கள் நடுவயதில் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. கற்ற அன்றே தமிழ்99 கிடைத்திருக்க வேண்டியவர்கள் இவர்கள். வலி தணிந்த வாரங்களில் பழகத் தொடங்குவது நல்லது.

விண்டோஸ் 11-இல் தமிழ்99 உண்டா? உண்டு, மொழி அமைப்பில் தமிழின் கீழ்ச் சேர்க்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கு ஷிப்ட் வேண்டுமே? ஷிப்டை 5 முறை தொடர்ந்து தட்டினால் ‘ஸ்டிக்கி கீஸ்’ வேண்டுமா என்று கணினி கேட்கும்; ஏற்றபின் பிடித்திருக்க வேண்டாம், ஒருமுறை தட்டி விட்டால் போதும்.

விசைப்பலகைக்கு வெளியே ஒரு கேள்வி: நவம்பர் 30-க்குள் உயிர்வாழ் சான்றிதழ் தர வேண்டிய மத்திய அரசு ஓய்வூதியரின் மடங்கிய விரல், ரேகைக் கருவியில் பதியாவிட்டால்? 2021 முதல் முகத்தைக் காட்டியும் தரலாம்; வீட்டிலிருந்தே எளிது என்ற அறிவிப்பு, நல்ல செல்போனும் உதவிக்கு ஆளும் இருப்பவருக்கே பொருந்தும். மற்றவர்கள் தபால்காரரைக் கட்டணம் செலுத்தி வீட்டுக்கு அழைக்கலாம்.

காலையில் விரல் மடங்கவே மறுத்தால்? மூட்டுவாதத்தில் ஒரு வகையான முடக்குவாதத்தில் இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். தட்டச்சு வேலையைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.