செத்தவர் வாங்கிய பென்ஷனும் செக்ரட்டேரியட் பஞ்சிங்கும்: தெரியுமா?

திருவனந்தபுரம் ஸ்டாச்சூ ஜங்ஷனில் காலை பத்து மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கியவர்கள், ஓடும் பஸ்ஸிலிருந்து குதிக்காத குறையாக இறங்குபவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் தலைமைச் செயலகத்துக்குள் பாயும். பத்தேகாலுக்குள் விரலை வைத்தாக வேண்டும்! இந்த ஓட்டத்தைத் தினமும் சிலையாக நின்று பார்ப்பவர் யார் தெரியுமா? கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர் திவானாக உயர்ந்த சர் டி. மாதவராவ். 1869-இல் இந்தக் கட்டடம் நிறைவடைந்ததே அவர் காலத்தில்தான். ஜங்ஷனுக்கு 'ஸ்டாச்சூ' என்று பெயர் வந்ததும் அவர் சிலையால்தான்!

2018 ஜனவரி 1 முதல் இந்த விரல் பதிவைச் சம்பளத்தோடு முடிச்சுப் போட்டார்கள். கேரள அரசின் சம்பளப் பட்டியலைக் கவனிக்கும் மென்பொருளின் பெயர் 'ஸ்பார்க்'. விரல் சொன்ன நேரம் நேராக அங்கே போய்விடும். ஏறத்தாழ ஐந்தாயிரம் பேரின் தாமதத்தை இயந்திரமே கூட்டிக் கணக்குச் சொல்லிவிடும். ஈவிரக்கம் இல்லாமலும் இல்லை; பின்னால் வந்த உத்தரவுகளில் மாதம் 300 நிமிடம் வரை சலுகை கொடுத்தார்கள்.

அங்கே இந்த விரல் பதிவுக்குப் பெயர் பஞ்சிங். எதையும் துளைக்காத இயந்திரத்துக்கு ஏன் அந்தப் பெயர்? 1888-இல் நியூயார்க் மாகாணத்தின் ஆபர்ன் ஊரில் வில்லார்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர் தொழிலாளர் வரும் நேரத்தைப் பதியும் கடிகாரம் ஒன்றைச் செய்தார். அதன் வழியில் வந்தவைதான் அட்டையைச் செருகி 'பஞ்ச்' அடிக்கும் கடிகாரங்கள். அட்டை போனது, பெயர் போகவில்லை. பண்டியின் கம்பெனி கைமாறிக் கலந்து கடைசியில் என்னவாயிற்று தெரியுமா? ஐபிஎம்!

இன்னும் பெரிய ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. கைரேகை என்றதும் திருடனும் போலீஸும்தானே நினைவுக்கு வருகிறார்கள்? திருடனைப் பிடிப்பதற்கு முன்பே அது ஒப்பந்தத்துக்கும் பென்ஷனுக்கும் வேலை பார்த்தது. அதுவும் நம் நாட்டில்! 1858 ஜூலையில் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் அதிகாரி, சாலைக்குச் சரளை தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தாளின் பின்புறம் பதிய வைத்தார். 'இது என் கையெழுத்தல்ல' என்று நாளை அவர் கையை விரித்துவிடக் கூடாதே என்ற பயம்! (யுரேனஸைக் கண்டுபிடித்த வானியலாளர் ஹெர்ஷலின் பேரன் இவர்.) 1877-இல் ஹூக்ளியில் பென்ஷன் வாங்குவோரிடம் விரல் ரேகை எடுக்கத் தொடங்கினார். பென்ஷன்காரர் செத்த பிறகும் யாரோ ஒருவர் வந்து 'நான்தான் அவர்' என்று பணம் வாங்கிக்கொண்டிருந்தார்களாம். அந்த வேலைக்கு விரல் முற்றுப்புள்ளி வைத்தது.

திருடன் கதை அதற்குப் பிறகுதான். 1897-இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகை நிலையம் திறந்தது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது வந்தது 1901-இல். ரேகைகளை 1,024 அறைகளாகப் பிரித்து அடுக்கும் முறைக்கு எட்வர்ட் ஹென்றி என்ற ஆங்கிலேய போலீஸ் அதிகாரியின் பெயர் நிலைத்தது. ஆனால் கணக்குப் போட்டு உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய போலீஸ்காரர்கள். பெயர் துரைக்கு, உழைப்பு நம்மவருக்கு!

சரி, விரலை வைத்ததும் இயந்திரம் நம்மை எப்படிக் கண்டுகொள்கிறது? முழுப் படத்தையும் அது ஒப்பிடுவதில்லை. மேடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்ற புள்ளிகளை மட்டும் எடுத்து ஒரு வரைபடமாக்கிக்கொள்கிறது. இதில் பெரிய அலுவலகங்களுக்கென்றே ஒரு சிக்கல். ஓர் ஒப்பீட்டில் ஆள் மாறிப்போகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தாயிரம் பேரின் பதிவோடும் ஒப்பிட்டால், நூறு அந்நியர்களில் ஏறத்தாழ நாற்பது பேர் யாரோ ஒரு ஊழியராக உள்ளே நுழைந்துவிடலாம்! அதனால்தான் பல இடங்களில் முதலில் அட்டை அல்லது எண், அப்புறம் விரல். 'இவர் யார்?' என்று கேட்பதைவிட 'இவர் அவர்தானா?' என்று கேட்பது இயந்திரத்துக்குச் சுலபம்.

ஜூனில் மழை பிடித்துவிட்டால் இன்னொரு கூத்து. கண்ணாடி வைத்த இயந்திரத்தில் ரேகையின் மேடு தொடும் இடம் கறுப்பாகவும், பள்ளத்தில் காற்று இருக்கும் இடம் வெளுப்பாகவும் தெரியும். ஈர விரலை வைத்தால் பள்ளத்திலும் தண்ணீர் நின்று எல்லாமே கறுப்பு! வறண்ட விரலுக்கு நேர்மாறான தொல்லை, மேடே சரியாகப் படியாது. அதற்கு வைத்தியம் அனுபவஸ்தர்களுக்குத் தெரியும்: நெற்றியில் ஒருமுறை விரலைத் தேய்த்து அந்த எண்ணெய்ப் பசையோடு வைப்பது.

ரேகையே இல்லாதவர்களும் உண்டு. கொல்லத்தில் முந்திரி உடைக்கும் பெண்களைக் கேளுங்கள். ஓட்டின் பால் பட்டு விரல் வெந்து ரேகை மழுங்கிவிடும். புற்றுநோய்க்குக் கேப்சிடபைன் மாத்திரை சாப்பிட்ட சிங்கப்பூர்க்காரர் ஒருவரை ரேகை இல்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். 2009-இல் மருத்துவ இதழிலேயே வந்த செய்தி இது. பிறவியிலேயே ரேகை இல்லாத குடும்பங்களும் உள்ளன, அதற்குக் காரணமான மரபணுவை 2011-இல் கண்டுபிடித்தார்கள். மறுபக்கம், ஆஸ்திரேலியாவின் கோலா கரடிக்கு மனிதரைப் போலவே விரல் ரேகை இருக்கிறது. பஞ்சிங் வைக்கச் சொன்னால் வைத்துவிடும். பத்தேகாலுக்கு எழுந்திருக்குமா என்பதுதான் சந்தேகம்.

ஏமாற்றுவோர் மட்டும் சும்மா இருப்பார்களா? 2013-இல் பிரேசிலில் ஒரு டாக்டர் சக டாக்டர்களுக்காகப் பஞ்ச் அடித்து மாட்டிக்கொண்டார். அவர் கையில் இருந்தவை ஆறு சிலிகான் விரல்கள்! அதற்கும் முன்பே, 2002-இல், யோகோஹாமாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மட்சுமோட்டோ ஜெலட்டினில் போலி விரல் வார்த்துப் பல இயந்திரங்களை ஏமாற்றிக் காட்டிவிட்டார்.

நம் ஊரில் ஒருவரைக் 'கைநாட்டு' என்றால் திட்டு. இன்றைக்கு எம்.ஏ., எம்.பில். படித்தவரும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கைநாட்டு வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்! வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோதிடர்களோ, கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டுதான் இன்றும் ஏட்டைத் தேடுகிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்ததும், ஆயிரம் பேர் தொட்ட கண்ணாடியை யார் தொடுவது என்று பஞ்சிங்கை நிறுத்தினார்கள். பிறகு திரும்பி வந்தது. 2023-இல் மெட்ரோ ஸ்டேஷன் போல அட்டை காட்டினால் திறக்கும் கதவுகளும் செயலகத்தில் முளைத்தன. வந்ததும் போனதும் மட்டுமல்ல, நடுவில் டீ குடிக்கப் போனதும் கணக்கில் ஏறும் என்றதும் ஊழியர் சங்கங்கள் கொதித்தன. வந்த நேரத்தைக் கேட்பது நியாயம், டீக்குமா என்று எனக்கும் தோன்றத்தான் செய்கிறது.

ரிட்டையர் ஆகிவிட்டால் விரலுக்கு விடுதலை என்று நினைக்கிறீர்களா? 2014 நவம்பரில் மத்திய அரசு 'ஜீவன் பிரமாண்' கொண்டுவந்தது. பென்ஷன் வாங்குபவர் உயிரோடிருக்கிறார் என்று அவர் விரலே சான்று சொல்லும். கேரளத்தில் இதை 'மஸ்டரிங்' என்பார்கள். நலத்திட்ட பென்ஷன் வாங்கும் பாட்டிமார் 2019 முதல் அக்ஷயா என்ற அரசு சேவை மையங்களில் இதற்காக வரிசையில் நின்று விரல் வைக்கிறார்கள். ஹூக்ளியில் ஹெர்ஷல் கேட்ட அதே கேள்விதான்: 'நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?'