முகம் மட்டுமா மறைந்து போகிறது?

சந்தையில் நெடுநாள் பழகிய ஒருவர் எதிரே வருகிறார். நாம் சிரிக்கிறோம். அவரோ எங்களைக் கண்டும் காணாதவர் போலக் கடந்து போகிறார். ‘தலைக்கனம் பிடித்தவர்’ என்று மனதுக்குள் திட்டியபடி வீடு திரும்புகிறோம். ஆனால் நாம் யாரென்பதே அவருக்கு உண்மையில் பிடிபடாமல் போயிருக்கலாம்.

இப்படியொரு குறைபாடு இருக்கிறது. முகக்குருடு என்று சொல்லலாம். மருத்துவர்கள் புரோசோபக்னோசியா என்கிறார்கள். இதில் பார்வை பழுதாவதில்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியே தெரியும். எதிரில் இருப்பவர் சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா என்றுகூடப் பலருக்கு விளங்கும். ‘இவர் யார்’ என்பது மட்டும் விளங்காது. குரல், நடை, தலைமுடி, உடை ஆகியவற்றை வைத்தே ஆட்களைப் பிரித்தறிவார்கள். மனைவி தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்தால் கணவன் தடுமாறக்கூடும்.

1947 இல் ஜேர்மன் நரம்பியல் மருத்துவரான யோவாகிம் போடமர் இந்தப் பெயரைச் சூட்டினார். இரண்டாம் உலகப் போரில் தலையில் காயமடைந்தவர்களிடமே அவர் இதைக் கண்டார். பக்கவாதம், மூளைக் காயம் போன்றவற்றால் வருவது ஒருவகை. எந்தக் காயமும் இல்லாமல் சிறுவயதிலிருந்தே இருப்பது மற்றொரு வகை. இரண்டாம் வகை குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. நூறு பேரில் ஏறக்குறைய இருவருக்கு அது இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இவர்களுக்கு முகம் மட்டும்தான் சிக்கலா? கதிரை, கார், பறவை, கட்டடம் ஆகியவற்றிலும் சிக்கல் உண்டா? பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் விவாதித்துவரும் கேள்வி இது.

முகத்துக்கென்று மூளையில் தனி ஏற்பாடு உண்டு என்போர் சில நோயாளிகளை எடுத்துக்காட்டுகிறார்கள். 1993 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, பக்கவாதத்துக்குப் பின் முகங்களை அறியும் திறனை இழந்த ஒருவரைப் பற்றியது. அவர் பின்னர் செம்மறியாடுகளை வளர்க்கத் தொடங்கினார். மனித முகங்கள் பிடிபடாத அவருக்கு, தன் மந்தையில் எந்த ஆடு எது என்று முகத்தைப் பார்த்தே சொல்ல முடிந்தது.

கனடாவில் ஆராயப்பட்ட சி.கே. என்பவரின் நிலை இதற்கு நேர்மாறானது. வீதி விபத்தில் தலையில் அடிபட்ட பின் சாதாரணப் பொருள்களைக்கூடப் பார்த்து அறிய அவரால் முடியவில்லை. முகங்களை மட்டும் மற்றவர்களைப் போலவே அடையாளம் கண்டார். காய்கறிகளையும் பழங்களையும் அடுக்கி முகங்களை வரைந்தவர் 16 ஆம் நூற்றாண்டின் இத்தாலிய ஓவியர் ஆர்ச்சிம்போல்டோ. அந்த ஓவியங்களில் சி.கே.க்கு முகம் தெரிந்தது. அந்த முகம் காய்கறிகளால் ஆனது என்பது தெரியவில்லை.

ஒருவரிடம் முகம் போய்விட்டது, பொருள் மிஞ்சியது. மற்றவரிடம் பொருள் போய்விட்டது, முகம் மிஞ்சியது. ஆகவே இரண்டும் மூளையில் ஒரே வேலையாக நடப்பதில்லை. 1997 இல் நான்சி கன்விஷரும் சக ஆய்வாளர்களும், முகங்களைப் பார்க்கும்போது மிகையாக இயங்கும் ஒரு பகுதியை மூளையின் அடிப்புறத்தில் காட்டினார்கள். அது இந்த வாதத்துக்கு மேலும் வலுச் சேர்த்தது.

மறுதரப்பின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. கதிரையைப் பார்த்தால் ‘கதிரை’ என்று அறிவதே போதும். எந்தக் கதிரை என்று நாம் கேட்பதில்லை. முகத்தில் ‘இது முகம்’ என்று அறிவது போதாது, யாருடையது என்று தெரிய வேண்டும். எல்லா முகங்களிலும் அதே உறுப்புகள் அதே ஒழுங்கில் இருக்க, நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே பிரிக்க வேண்டும். ஆகவே கதிரையையும் முகத்தையும் ஒப்பிடுவது நியாயமான சோதனை அல்ல. ஒரே வகைக் கார்களில் ‘சற்றுமுன் பார்த்தது எது’ என்று கேட்டால், முகக்குருடு உள்ளவர்களில் பலர் அங்கும் தடுமாறுகிறார்கள். பறவைகளை இனம் பிரிப்பதில் தேர்ந்த ஒருவர், முகங்களோடு சேர்த்துப் பறவைகளை அறியும் திறனையும் இழந்ததாக 1960 களிலேயே பதிவாகியிருக்கிறது.

பிறவியிலிருந்தே முகக்குருடு உள்ளவர்கள் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் ஒரு மீளாய்வு வெளியானது. போதிய தகவல் கிடைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்குப் பொருள்களை அறிவதிலும் ஓரளவு சிக்கல் இருந்தது. எஞ்சியோருக்கு முகம் மட்டுமே. இந்தக் கணக்கையும் எல்லோரும் ஏற்கவில்லை. எதைச் சிக்கலாகக் கொள்வது, எவ்வளவு கடினமான சோதனை வைப்பது என்பவற்றைப் பொறுத்து விகிதம் மாறும்.

இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு படம் தெளிகிறது. முகத்துக்கும் பொருளுக்குமான வேலைகள் வெவ்வேறானவை. ஆனால் அவை மூளையில் அயல்வீடுகள் போல அருகருகே நடக்கின்றன. இடங்களையும் நிறங்களையும் அறியும் பகுதிகளும் பக்கத்திலேயே உள்ளன. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வேலியோடு நிற்பதில்லை. அதனால்தான் பக்கவாதத்தால் முகங்களை இழந்தவர்களில் சிலர் நிறங்களையும் இழக்கிறார்கள், பழகிய வீதியிலேயே வழி தவறுகிறார்கள். தமக்கு முகக்குருடு இருப்பதை எழுதிய நரம்பியல் மருத்துவர் ஒலிவர் சாக்ஸ், இடங்களை அறிவதிலும் தமக்குச் சிரமம் இருந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்றாட வாழ்வுக்கும் இதில் செய்தி உண்டு. முகம் பிடிபடவில்லை என்று ஒருவர் சொன்னால், அதோடு விட்டுவிடக் கூடாது. தரிப்பிடத்தில் தன் வாகனத்தைக் கண்டுபிடிக்கிறாரா, தெரிந்த வழியில் தடுமாறுகிறாரா, நிறங்கள் முன்போல் தெரிகின்றனவா என்றும் கேட்க வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்தவருக்குத் திடீரென முகங்கள் தெரியாமல் போனால் அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சிறுவயதிலிருந்தே இப்படி இருப்பவர்களை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. சீருடையில் எல்லோரும் ஒன்றுபோல் தோன்றும் பாடசாலையில் தன் நண்பனைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத பிள்ளையை, கூச்ச சுபாவம் என்றோ மந்தம் என்றோ ஒதுக்கிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கே தன்னிடம் என்ன வேறுபாடு என்பது தெரியாது. மற்றவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்றே நினைத்திருக்கும்.

நாம் செய்யக்கூடியது சிறியது, செலவில்லாதது. சந்திக்கும்போது பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம். அடுத்த முறை ஒருவர் எங்களைக் கடந்து போனால், திட்டுவதற்கு முன் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கலாம். குரல் கேட்டதும் அவர் திரும்பிச் சிரிக்கக்கூடும்.