ஐகான் மறைந்தால் கோப்பு போய்விட்டதா?

கணினித் திரையில் ஐகான்களைக் காணோம் என்றதும், உதவித்தொகைப் பட்டியலே அழிந்துவிட்டதாகப் பதறி, முதலிலிருந்து தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். மூலையில் அம்புக்குறி உள்ள ஐகான் வெறும் வழிகாட்டிப் பலகைதான். கோப்பு வேறிடத்தில் பத்திரமாக இருக்கும். அம்புக்குறி இல்லாவிட்டால் அது கோப்பேதான். அதை ரீசைக்கிள் பின்னிலும் தேடுங்கள்.

எல்லா ஐகான்களும் ஒரேயடியாக மறைந்திருந்தால், திரையின் காலியிடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'வியூ'வில் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கை பட்டு எடுபட்டிருக்கும்.

சில மட்டும் அடிக்கடி மறைவதுதான் தலைவலி. நம்மில் சிலர் இன்னும் விடாமல் வைத்திருக்கும் விண்டோஸ் 7, வாரந்தோறும் தானே பராமரிப்பு செய்கிறது. கோப்பு கிடைக்காத ஐகான்கள் நான்குக்கு மேல் இருந்தால் அவற்றை நீக்கிவிடும். கோப்புகளை வைத்திருக்கும் பக்கத்து மேசைக் கணினி அந்நேரம் அணைந்திருந்தாலும் இதே கதிதான். கன்ட்ரோல் பேனலில் 'டிரபிள்ஷூட்டிங்', 'சேஞ்ச் செட்டிங்ஸ்' சென்று 'கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ்' என்பதை 'ஆஃப்' செய்யுங்கள். 2020 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்ட அந்த விண்டோஸையே மாற்றுவது இன்னும் நல்லது என்பது எங்கள் கருத்து.