பெல்லட் ஸ்மோக்கரும் உடல்நலமும்

அடுப்பின் அமைப்பு

அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறங்களில் இன்று பரவலாகக் காணப்படும் பெல்லட் ஸ்மோக்கர் என்பது, மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரித்து, அவற்றின் வெப்பத்திலும் புகையிலும் இறைச்சியைப் பல மணி நேரம் மெதுவாக வேகவைக்கும் அடுப்பாகும். ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் 1980களின் நடுப்பகுதியில் இதனை உருவாக்கினார். அவருடைய காப்புரிமை 2006இல் முடிவுற்றபின் பிற நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின.

தொட்டியில் நிரப்பப்படும் பெல்லட்டுகளை மோட்டாரால் சுழலும் திருகுத்தண்டு ஒன்று சிறிது சிறிதாகத் தள்ளித் தீக்கிண்ணத்தில் சேர்க்க, அங்குள்ள மின்தண்டு பழுக்கக் காய்ந்து அவற்றைப் பற்றவைக்கிறது, விசிறி காற்றூட்டுகிறது, வெப்பமானியின் அளவை அறிந்து கட்டுப்படுத்தும் கருவி திருகுத்தண்டின் ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் சூட்டை நிலைநிறுத்துகிறது. தீக்கிண்ணத்துக்கு மேலே வெப்பத்தைப் பரப்பும் தகடும், அதன்மேல் சாய்வாக அமைந்த கொழுப்புத் தட்டும் இருப்பதால், இறைச்சியிலிருந்து உருகும் கொழுப்பு தணலில் விழாமல் வெளியே தொங்கும் வாளிக்கு வழிந்தோடுகிறது. விளம்பரங்கள் அதிகம் பேசாத இந்தத் தட்டுதான் உடல்நல நோக்கில் இவ்வடுப்பின் முதன்மையான உறுப்பு.

புகையில் கலந்திருப்பவை

கொழுப்பு நேரடியாக நெருப்பில் சொட்டி எரியும்போதும், விறகு போதிய காற்றின்றிப் புழுங்கும்போதும், பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் எனப்படும் வேதிச்சேர்மங்கள் உருவாகிப் புகையுடன் எழுந்து இறைச்சியின் மேற்பரப்பில் படிகின்றன. இவற்றுள் பென்சோபைரீன் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் வைத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியமோ புகையூட்டிய இறைச்சியில் இதன் உச்ச அளவைக் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என 2014 செப்டம்பர் முதல் வரையறுத்துள்ளது. கடும் சூட்டில் தசைப்புரதம் கருகுவதால் தோன்றும் ஹெட்டிரோசைக்ளிக் அமீன்கள் வேறொரு வகை; 107 முதல் 120 டிகிரி செல்சியஸில் நடக்கும் மெதுவான சமையலில் இவை குறைவாகவே உருவாகின்றன.

எனவே தணலில் நேரடியாகச் சுடுவதைவிட இம்முறை மேலானது எனலாம். ஆனால் அது அடுப்பைக் கையாளும் விதத்தையும் பொறுத்தது. பற்றவைத்த முதல் சில நிமிடங்களில் எழும் அடர்ந்த வெண்புகை அரைகுறை எரிதலின் அடையாளமாதலால், அது அடங்கி, கண்ணுக்குப் புலப்பட்டும் படாமலும் மெல்லிய நீலப்புகை வரத் தொடங்கிய பின்னரே இறைச்சியை உள்ளே வைக்க வேண்டும். பெல்லட் அடுப்பில் புகைமணம் போதவில்லை என்று குறைகூறுவோர் பலர் உண்டு. அந்தக் குறையே இதன் சிறப்பு என்பதை எண்ணாமல், கூடுதலாகப் புகையூட்டும் குழாய்களை வாங்கி வைப்பது, விலகிப்போன கேட்டைக் காசு கொடுத்து அழைத்து வருவதாகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கட்டுப்படுத்தும் கருவி பி.ஐ.டி. வகையைச் சேர்ந்ததா என்பதை முதலில் கேட்க வேண்டும். குறித்த வெப்பத்திலிருந்து அடுப்பு எவ்வளவு விலகியுள்ளது, எவ்வளவு நேரமாக விலகியுள்ளது, எவ்வளவு விரைவில் மாறுகிறது என்னும் மூன்றையும் கணக்கிட்டுச் சூட்டை ஏற்ற இறக்கமின்றி வைத்திருப்பது இவ்வகை. கொழுப்புத் தட்டு எளிதில் கழற்றிச் சுரண்டத் தக்கதாக இருக்க வேண்டும். சில மாதிரிகளில் தீயை நேரடியாகக் காட்டும் நகர்த்துத் தகடு உள்ளது. கொழுப்பு மிகுந்த துண்டுகளைச் சமைக்கும்போது அதனை மூடியே வைப்பது நல்லது. மற்றபடி கைப்பேசிச் செயலி முதலிய வசதிகள் அவரவர் விருப்பம்.

பெல்லட் உணவுத் தரத்தினதாக இருத்தல் இன்றியமையாதது. மரத்தின் இயல்பான பசைப்பொருளாகிய லிக்னின் அழுத்தத்தில் இளகித் தூளைப் பிணைத்துவிடுவதால் நல்ல பெல்லட்டுக்கு வேறு ஒட்டுப்பொருள் தேவையில்லை. வீட்டைச் சூடாக்கும் அடுப்புகளுக்காக விற்கப்படுபவற்றிலோ பிசின் மிகுந்த ஊசியிலை மரங்களும் பிற சேர்க்கைகளும் இருக்கக்கூடும். நல்ல பெல்லட்டை விரலால் ஒடித்தால் படக்கென்று முறியும். ஈரம் ஏறியது உப்பி, தூளாக உதிர்ந்து, திருகுத்தண்டை அடைத்துவிடும்.

உள்வெப்பநிலையே அளவுகோல்

4 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையில் பாக்டீரியாக்கள் விரைந்து பெருகுவதால், மெதுவான சமையலில் இறைச்சி அந்த இடைவெளியில் நெடுநேரம் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறைந்த இறைச்சியை அப்படியே ஏற்றக் கூடாது; குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தே உறைநிலை நீக்கி, அடுப்பு குறித்த சூட்டை எட்டிய பின்னரே உள்ளே வைக்க வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பரிந்துரைப்படி கோழிக்கு 74, கொத்திய இறைச்சிக்கு 71, மாடு, பன்றி, ஆடு ஆகியவற்றின் முழுத்துண்டுகளுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் குறைந்தபட்ச அளவுகளாகும்.

நிறத்தை நம்புதல் இங்குப் பெரும்பிழை. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு தசையின் மயோகுளோபினுடன் இணைந்து விளிம்பை இளஞ்சிவப்பாக்குவதால், நன்கு வெந்த கோழியும் வேகாததுபோல் தோன்றும். வேகாதது வெந்ததுபோல் தோன்றுவதும் உண்டு. எலும்பைத் தொடாமல் தடித்த பகுதியின் நடுவில் செருகிய வெப்பமானியே நம்பத்தக்கது.

மாட்டின் மார்புப்பகுதி போன்ற பெருந்துண்டுகளில், உள்வெப்பநிலை ஏறத்தாழ 65 முதல் 75 டிகிரிக்குள் வந்ததும் மேற்பரப்பு ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் மணிக்கணக்கில் ஏறாமல் நிற்கும். இதைப் பழுது எனக் கருதிச் சூட்டைத் திடீரென உயர்த்தாமல், இறைச்சியைத் தடித்த காகிதத்தில் சுற்றிவைத்தால் ஆவியாதல் குறைவதோடு புகைப்படிவும் குறைகிறது. இணைப்புத்திசுவிலுள்ள கொலாஜன் ஜெலட்டினாக மாறி இறைச்சி மிருதுவாக, உள்வெப்பநிலை 90 டிகிரியைக் கடந்தாக வேண்டும்.

பாதுகாப்பும் அளவும்

இவ்வடுப்பை வீட்டிற்குள்ளோ, கார்க் கொட்டகையிலோ, அதன் கதவு திறந்திருந்தாலும் இயக்கக் கூடாது. எரிதலில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தட்டில் தேங்கிய கொழுப்பு தீப்பற்றினால் நீரூற்றாமல் மூடியைச் சாத்தி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். கம்பித் தூரிகையின் உதிர்ந்த இழைகள் உணவோடு குடலுக்குள் சென்று காயப்படுத்திய நிகழ்வுகள் அமெரிக்காவில் பதிவாகியிருப்பதால், கம்பித்தட்டைச் சுரண்டியாலோ நாராலோ தேய்ப்பது நலம்.

சுவைக்காகவோ பதப்படுத்தவோ உப்பிட்டும் புகையூட்டியும் மாற்றப்பட்ட இறைச்சியை மேற்சொன்ன புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் முதற்பிரிவில் சேர்த்தது. அத்தகைய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பை ஏறத்தாழ 18 விழுக்காடு உயர்த்துவதாகவும் அது குறிப்பிட்டது. வீட்டில் புகையூட்டிய இறைச்சி ஓய்வுநாள் உணவாக இருக்கலாம்; அன்றாட உணவாவதற்கு எவ்வளவு விலையுயர்ந்த அடுப்பும் அதனைத் தகுதியுடையதாக்குவதில்லை.