நகரமும் நாளாந்த வாழ்வும்



தெமட்டகொடையில் 'தோட்டம்' ஒன்றில் மக்கள் வாழ்கின்றனர் என்று கேள்வியுறும் வெளியூரார், மரஞ்செடி நிறைந்த சோலையொன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளக்கூடும். கொழும்பு வழக்கில் தோட்டம் என்பது வேறு. நெருங்கிய வரிசை வீடுகள், அவற்றினூடே செல்லும் குறுகிய ஒழுங்கை, பலருக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய் ஆகியன சேர்ந்ததே தோட்டம். துறைமுகமும் புகையிரதமும் வளர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, தொழில் தேடி வந்த மக்கள் இத்தகைய இடங்களிற் குடியேறினர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குழாயடியிற் குடம் வைத்து வாழ்ந்து வந்தனர். இவ்வாழ்வின் பொருளை விளங்கிக்கொள்வதற்குப் பிரெஞ்சு நாட்டு மார்க்சியத் தத்துவ அறிஞர் ஆன்றி லெபெவ்ர் அவர்களின் சிந்தனைகள் பெரிதும் துணைபுரிவன.

லெபெவ்ர் 1901 ஆம் ஆண்டு பிறந்து 1991 இல் மறைந்தவர். கார்ல் மார்க்ஸ் ஆலையினுள்ளே நிகழும் உழைப்பை நுணுகி ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியை ஆலை வாயிலுக்கு வெளியே, சமையலறைக்கும் தெருவுக்கும் சந்தைக்கும் கொண்டு சென்றவர் லெபெவ்ர். அன்றாட வாழ்வு பற்றிய விமர்சனமாக அவர் எழுதிய பெருநூலின் முதற்பாகம் 1947 இல் வெளிவந்தது. காலையில் எழுதல், சமைத்தல், வேலைக்குச் செல்லல், அயலாரோடு உரையாடல் என்பன அற்பச் செயல்கள் அல்ல. சமுதாயத்தின் சலிப்பும் அடிமைத்தனமும் அங்கேதான் உறைகின்றன, மாற்றத்துக்கான விருப்பமும் அங்கேதான் முளைக்கிறது என்பது அவர் கருத்து.

1974 இல் வெளிவந்த மற்றொரு நூலில், இடம் என்பது மனிதரை இட்டு நிரப்பும் வெறும் பாத்திரமன்று, சமுதாயமே அதனை உண்டாக்குகிறது என்று அவர் நிறுவினார். ஓர் இடத்துக்கு மூன்று முகங்கள் உண்டு என்றார். மக்கள் நாள்தோறும் நடந்தும் தொழில் செய்தும் பழக்கப்படுத்திய இடம் ஒன்று. நில அளவையாளரும் திட்டமிடுவோரும் தாளில் வரையும் இடம் மற்றொன்று. நினைவும் அச்சமும் அன்பும் கலந்து மக்கள் மனத்தில் வாழும் இடம் மூன்றாவது.

இதனை விளங்கிக்கொள்ள ஓர் எளிய வழியுண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையொருவரிடம் வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியை வரையச் சொல்லுங்கள். அளவுத்திட்டம் பிழைத்திருக்கும், ஆனால் கடனுக்குப் பாண் தரும் கடையும், கடிக்கும் நாய் படுத்திருக்கும் மூலையும், அம்மம்மாவின் வீடும் தவறாமல் இடம்பெறும். நில அளவைப் படத்தில் இவற்றுள் ஒன்றும் இராது. இரண்டு படங்களும் உண்மையே. ஆயினும் வீதியை அகலமாக்கும் நாளில் எந்தப் படம் மேசைமீது விரிக்கப்படுகிறது என்பதே கேள்வி.

லெபெவ்ர் இளமையில் வாழ்ந்த நவாரென்ஸ் என்னும் பழைய சிற்றூருக்கு அண்மையில், எரிவாயுத் தொழிலாளருக்கென 1950களின் பிற்பகுதியில் மூரென்ஸ் என்ற புதுநகர் எழுந்தது. பழைய ஊரை அவர் சிப்பியின் ஓட்டுக்கு ஒப்பிட்டார். உள்ளிருக்கும் உயிர் தன் உடலிலிருந்தே மெல்ல மெல்லச் சுரந்து ஓட்டை ஆக்குகிறது. புதுநகரின் வசதிகளை அவர் மறுக்கவில்லை; பழமையை அளவின்றிப் போற்றவுமில்லை. வசதியான வீடுகளிடையே, மக்கள் தாமே உருவாக்கிய வாழ்வு எங்கே என்று வினவினார்.

அவ்வினா நமக்கும் உரியதே. 1921 இல் பற்றிக் கெடிஸ் கொழும்பைப் பூங்கா நகரமாக்கத் திட்டம் வரைந்தார். 1980களில் வீடமைப்புத் திட்டங்கள், குடியிருப்போர் தாமே தம் வீட்டைத் திருத்திக்கொள்ள உதவின. 2001 இல் பேஸ்லைன் வீதியில் 671 வீடுகள் கொண்ட சஹஸ்புர என்னும் மாடிக்குடியிருப்பு எழுந்தது. 2010 இன் பின்னர் நகர அபிவிருத்தி அதிகாரசபை, தெமட்டகொடை உட்படப் பல இடங்களில் உயர்ந்த மாடிகளைக் கட்டித் தோட்டத்து மக்களைக் குடியேற்றியது. ஏறத்தாழ 68,000 குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழ்ந்தன என்பது அச்சபையின் அக்காலக் கணக்கு.

தோட்ட வாழ்வின் துன்பங்களை மறைப்பது நேர்மையன்று. மழைக்காலத்து வெள்ளம், பொது மலசலகூடம், உறுதியில்லாக் காணி என்பன சிறு துன்பங்கள் அல்ல. உறுதியான சுவரும் வீட்டினுள்ளே குழாய் நீரும் பெற்றோர் மகிழ்ந்ததும் மெய்யே. ஆனால், வாசற்படியிலே அப்பம் சுட்டு விற்ற பெண்ணுக்கு எட்டாம் மாடியில் வாசல் எது? மரக்கறி வண்டியை எங்கே நிறுத்துவது? சாவீட்டுப் பந்தலை எங்கே இடுவது? வீட்டுக்காகப் பத்து இலட்சம் ரூபாவை நீண்டகாலத் தவணையிற் செலுத்த வேண்டியிருந்த குடும்பங்கள் பல. வருவாய் தந்த இடத்தை இழந்தவருக்கு அத்தவணை இரட்டைச் சுமையாயிற்று.

1968 இல் லெபெவ்ர் 'நகர உரிமை' என்ற கருத்தை முன்வைத்தார். நகரத்தின் நடுவே வாழவும், அதனைப் பயன்படுத்தவும், அது எவ்வாறு அமைய வேண்டுமெனத் தீர்மானிப்பதில் பங்குகொள்ளவும் அங்கு வாழ்வோர்க்கு உரிமையுண்டு என்பதே அதன் சாரம். நகரின் உயிர்நாடி பலதிறத்தார் கூடும் சந்திப்பே என்பது அவர் துணிபு. புகார் நகரத்தில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே நாளங்காடி இருந்ததாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. இருவேறு பகுதியினரும் அங்கே ஒருவரையொருவர் கண்டனர். மத்திய நகரின் நிலம் விலையேற, அதில் வாழ்ந்தோர் விலகிப்போக வேண்டுமாயின் அத்தகைய நடுவிடம் எஞ்சாது.

ஆகவே, பழைய தோட்டத்தைக் காப்பதா, புதிய மாடியை எழுப்புவதா என்ற அளவில் வாதம் நின்றுவிடலாகாது. வரைபடம் மேசைமீது விரிக்கப்படும்போது, அப்பஞ் சுடும் அப்பெண்ணுக்கும் அங்கே ஓர் ஆசனம் உண்டா என்று நாம் கேட்டல் வேண்டும். அவர் அமர்ந்திருந்தால், மாடி எழும்பினும் அதன் கீழ்த்தளத்தில் ஓர் அடுப்புக்கும் ஒரு பந்தலுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும்.